ஒன்ராறியோ கொட்டேஜில் லித்தியம் சோலார் பற்றரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, ஹலிபேட்டனுக்கு வடக்கே, ஹைட்ரோ (மின்சார) கம்பம் எட்டாத ஒரு காட்டுத் துண்டில் இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்து காரில் மூன்று மணித்தியாலம். மே மாதம் விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியில் திறப்போம், ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங்கோடு மூடுவோம். நடுவில் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்காக இரண்டு மூன்று தரம் போவது உண்டு. கூரையில் 400 வோற் சோலார், உள்ளே 12 வோல்ற் 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி இரண்டு, பற்றரி மின்சாரத்தை வீட்டுச் சாமான்கள் ஓடும் மின்சாரமாக மாற்ற ஒரு 2000 வோற் இன்வேட்டர். எங்கள் ஆட்கள் பலர் இப்போது வடக்கே காணி வாங்கி இதே மாதிரி ஒழுங்கு செய்கிறார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் என்னிடம் வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

லித்தியம் பற்றரிக்கு மெயின்ரனன்ஸே தேவையில்லை என்று கடையில் சொன்னார்களே?

தினமும் ஆள் இருக்கிற வீட்டுக்கு அது ஏறக்குறைய சரி. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, அமிலம் கசிந்து முனைகள் பச்சை பிடிக்காது. ஆனால் எங்கள் பாவனை வேறு. ஒரு நல்ல லித்தியம் பற்றரியை 3000 தரத்துக்கு மேல் நிரப்பி இறக்கலாம். நாங்கள் வருஷத்தில் 25 வார இறுதிகள் போனாலும், ஒவ்வொன்றிலும் இரண்டு தரம் முழுதாக இறக்கி ஏற்றினாலும், மொத்தம் 50 தரம்தான் வருகிறது. அந்தக் கணக்கில் 60 வருஷம் ஓட வேண்டும். கொட்டேஜ் பற்றரி பாவித்துத் தேய்ந்து போவது அபூர்வம். நாங்கள் அங்கே இல்லாத ஏழு மாதத்தில்தான் அது கெட்டுப் போகிறது.

முதல் வருஷமே எனக்கு இது நடந்தது. மூடும்போது சோலார் பிரேக்கரைக் கவனமாக அணைத்தேன், லைற் எல்லாவற்றையும் அணைத்தேன், இன்வேட்டரின் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்றையுமே ஓட்டாமல் சும்மா நிற்கிற இன்வேட்டர் 15 வோற் இழுத்தது. இரண்டு பற்றரியிலும் சேர்த்து 2560 வோற் மணி இருந்தது, ஏழு நாளில் முடிந்திருக்கும். மே மாதம் போய்ப் பார்த்தபோது ஒரு பற்றரி மீண்டது, மற்றது மீளவில்லை.

எல்லா லித்தியமும் ஒன்றுதானா?

இல்லை. சோலாருக்கு வாங்க வேண்டியது லித்தியம் அயர்ன் பொஸ்பேற் வகை, சுருக்கமாக எல்எஃப்பி. போனிலும் பல மின்சாரக் கார்களிலும் இருக்கிற நிக்கல், கோபால்ற் வகை வேறு. எல்எஃப்பியை 1997 இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்இனஃபின் ஆய்வுக்குழு வெளிக்கொண்டு வந்தது. அவர் 2019 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இதில் ஒக்சிசன் பொஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் இலகுவில் விடுபடாது. ஆள் இல்லாத மரவீட்டில் வைக்கப்போகும் பெட்டிக்கு இந்தக் குணம் பெரிய விஷயம். கழற்றிய ஈ-பைக் பற்றரிகளைச் சேர்த்துக் கட்டி விற்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

குளிரில் சார்ஜ் செய்யக்கூடாது என்கிறார்கள். ஆனால் மைனஸ் 10 இலும் என்னுடைய லைற் எல்லாம் நன்றாக எரிகிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

பற்றரியில் இருந்து மின்சாரம் எடுப்பது ஒன்று, அதற்குள் மின்சாரம் ஏற்றுவது இன்னொன்று. எல்எஃப்பியில் இருந்து பொதுவாக மைனஸ் 20 பாகை வரை எடுக்கலாம், கொள்ளளவு கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஏற்றுவது மட்டும் பூச்சியம் பாகைக்குக் கீழே கூடாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் கிராபைற் தட்டுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் அவை மெதுவாகத்தான் நுழையும். பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே இருந்தால், உள்ளே போக முடியாதவை தட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்த லித்தியத்தில் பெரும் பகுதி திரும்ப வேலைக்கு வராது. கூடப் படிந்தால் ஊசி மாதிரி வளர்ந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகவும் இடமுண்டு. வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. புகை வராது, பெட்டி வீங்காது. அடுத்த கோடையில் பிரிட்ஜ் விடியும்வரை ஓடாது என்பதில்தான் தெரியும்.

லைற் எரிகிறது என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். பிறகு காலையில் வெயில் ஏறுகிறது. சோலார் பனல் குளிரில்தான் நன்றாக வேலை செய்யும், கீழே கிடக்கும் ஸ்னோவும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நான் அதிகம் பயப்படுவது ஜனவரிக்கு இல்லை, மார்ச்சுக்கு. ஜனவரியில் பனல் அநேகமாக ஸ்னோவுக்குக் கீழே கிடக்கும். மார்ச்சில் ஸ்னோ வழுக்கி விழுந்துவிடும், வெயில் பலமாக இருக்கும், பூட்டிய வீட்டுக்குள் பற்றரி மட்டும் இன்னும் மைனஸ் 10 இல் இருக்கும்.

என் பற்றரியில் பிஎம்எஸ் இருக்கிறது. அது பார்த்துக்கொள்ளாதா?

பிஎம்எஸ் என்பது பற்றரிக்குள் இருக்கும் காவல் சர்க்கியூட். கூட ஏறினாலும், கூட இறங்கினாலும், ஷோர்ட் ஆனாலும் அது வெட்டிவிடும். குளிரில் சார்ஜை வெட்டும் வசதி எல்லாவற்றிலும் இல்லை, மலிவானவற்றில் பலவற்றில் இல்லவே இல்லை. வாங்கும் முன் கையேட்டில் குறைந்த வெப்பநிலைச் சார்ஜ் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை பாகையில் வெட்டும் என்று இலக்கம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

இல்லையென்றால், பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கொன்ரோலர் பக்கத்தில் தடுக்கலாம். பற்றரியில் ஒட்டுகிற வெப்பநிலை சென்சரோடு வரும் கொன்ரோலர் வாங்கி, 5 பாகைக்குக் கீழே சார்ஜை நிறுத்தும்படி வைத்துவிடலாம். சென்சர் பற்றரியின் உடம்பில், நடுப்பகுதியில் ஒட்டியிருக்க வேண்டும். சுவரில் தொங்கினால் அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும். ஆனால் கொன்ரோலரின் கட்டளை சோலாருக்கு மட்டும்தான். ஜெனரேற்றரில் செருகிய சார்ஜருக்கு அது தெரியாது. என் மச்சான் ஒரு பெப்ரவரி மாதம் இப்படித்தான் போனவுடன் ஜெனரேற்றரை ஓட்டி இரண்டு மணித்தியாலம் ஏற்றினார். அந்தக் கோடையில் அளந்து பார்த்தோம், மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு போய் விறகடுப்பு மூட்டுகிறோம். எவ்வளவு நேரத்தில் சார்ஜ் செய்யலாம்?

நீங்கள் ஜக்கெற்றைக் கழற்றும் நேரத்தில் பற்றரி இன்னும் உறைநிலையில்தான் இருக்கும். 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று 11, 12 கிலோ. பிளாஸ்ரிக் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய செல்களுக்குள் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும். எங்கள் கொட்டேஜில் இரவு எட்டு மணிக்கு மூட்டினால் மறுநாள் மதியம் அளவில்தான் பற்றரியில் ஒட்டிய சென்சர் 5 பாகை காட்டும். அதுவரை சோலார் பிரேக்கர் அணைந்தபடியே இருக்கும். ஒரு இரவுக்கு வேண்டிய மின்சாரம் பற்றரியில் ஏற்கெனவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

அவசரமென்றால் பற்றரிக்குக் கீழே சூட்டு மெத்தை வைக்கலாம். கணக்கு பயப்படுகிற அளவுக்கு இல்லை. 12 கிலோவை மைனஸ் 15 இல் இருந்து 5 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 70 வோற் மணி போதும். வெளியே கசிவதைச் சேர்த்து இரட்டிப்பாக எடுத்தாலும் பற்றரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். நுரை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மெத்தைக்கு ஒரு தேர்மோஸ்ராற்றும் போட்டால் நன்றாக வேலை செய்யும். சூட்டு மூலம் இல்லாத நுரைப் பெட்டி மட்டும் என்றால் எதிராகத்தான் முடியும், குளிர்ந்த பற்றரி இன்னும் பிந்தித்தான் சூடாகும்.

உள்ளேயே ஹீற்றர் உள்ள பற்றரி வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதிதான். சில பற்றரிகளில் சார்ஜ் வரும்போது மட்டும், வருகிற மின்சாரத்திலேயே ஹீற்றர் ஓடும். இந்த வகை நல்லது. வேறு சிலவற்றில் குளிர்ந்தவுடன் பற்றரியில் இருந்தே எடுத்து ஓடும். ஆள் இல்லாத வீட்டில், ஸ்னோ மூடிய பனலோடு, இந்த இரண்டாவது வகை தன்னைத்தானே சூடாக்கியே முழுவதையும் தீர்த்துவிடும். மூடும்போது ஹீற்றரை அணைக்க முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

குளிர்காலத்துக்கு முழுதாக நிரப்பி வைப்பதா, பாதியிலா?

பழைய ஈய அமிலப் பற்றரியை முழுதாக நிரப்பித்தான் வைக்க வேண்டும். இறங்கிய நிலையில் விட்டால் அதற்குள் இருக்கும் அமில நீர் உறைந்து பெட்டியே வெடித்துப் பிளக்கும். எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான் கையில் ஊறியிருக்கிறது. லித்தியத்துக்குள் தண்ணீர் இல்லை. அதற்கு முழு நிறைவும் சூடும் சேர்ந்து நீண்ட காலம் இருப்பதுதான் முதுமை. ஆகவே 50 முதல் 60 வீதத்தில் வைப்பது நல்லது.

நான் 60 முதல் 70 வரை விடுகிறேன். பற்றரி தானாக மாதம் 2, 3 வீதம் இறங்கும், பிஎம்எஸ்ஸும் கொஞ்சம் குடிக்கும். அதுவும் புளூருத் உள்ள பிஎம்எஸ் என்றால் கொஞ்சம் கூடவே குடிக்கும். ஏழு மாதம் கழித்து 40 இல் நின்றாலும் எனக்கு நிம்மதி. முழுதாக நிரப்பி விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள் என்றால் அதற்காகத் திரும்ப மூன்று மணித்தியாலம் ஓட வேண்டாம். குளிர்ந்த இடத்தில் அந்தச் சேதம் மெதுவாகத்தான் நடக்கும். வெறுமையாக விட்டுவிட்டு வந்திருந்தால் திரும்பிப் போங்கள்.

மூடும் நாளில் என்ன ஒழுங்கில் செய்கிறீர்கள்?

முதலில் சோலார் பக்கத்துப் பிரேக்கர். வெயில் படும் பனல் இணைந்திருக்கும்போது பற்றரியைக் கழற்றினால் பல கொன்ரோலர்கள் தாங்காது, அதனால் எப்போதும் சோலார் முதலில், பற்றரி பிறகு. திறக்கும்போது நேர்மாறாக, பற்றரி முதலில், சோலார் பிறகு. இதை ஒரு அட்டையில் எழுதிப் பிரேக்கர் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் மூடும் நாளில் பிள்ளைகள் காரில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது இன்வேட்டரின் சுவிட்ச். பிறகு பற்றரியின் பிரதான சுவிட்ச், அதற்குப் பிறகு நெகட்டிவ் கேபிளையே கழற்றி, முனைக்கு ஒரு ரப்பர் மூடி. சுவிட்ச் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். சுவிட்சுக்கு முன்னாலேயே, நேரே பற்றரி முனையில் யாரோ எதையோ பொருத்தியிருப்பதை நான் எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறேன். புரொப்பேன் வாயு அலாரம் ஒன்று 80 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 2 அம்பியர் மணி. 100 அம்பியர் மணிப் பற்றரி 50 நாளில் வெறுமை. கேபிளைக் கழற்றினால் இந்தச் சந்தேகமே இல்லை.

கடைசியாக எலி. பற்றரிப் பெட்டிக்கும் இன்வேட்டருக்கும் கேபிள் நுழையும் ஓட்டைகளில் உருக்குக் கம்பளி அடைத்துவிட்டு வருவேன். கேபிளின் மேலுறையை எலி கடித்தால் ஏப்ரல் வரை ஒருவருக்கும் தெரியாது.

சோலாரை இணைத்தே விட்டால் தானாக நிரம்பிக்கொண்டிருக்கும்தானே?

அதற்கு மூன்று விஷயங்கள் உறுதியாக இருக்க வேண்டும்: குளிரில் சார்ஜை வெட்டும் பாதுகாப்பு, ஸ்னோ தங்காத பனல், சும்மா இழுக்கும் சாமான் எதுவும் இல்லாமை. டிசெம்பரில் அங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. கூரையின் சாய்வோடு படுத்திருக்கும் பனலில் ஸ்னோ வாரக்கணக்கில் இருக்கும். சுவரில் நிமிர்த்திப் பூட்டிய பனல் ஒன்று இருந்தால் கதை வேறு, ஸ்னோ நிற்காது, தாழ்வான குளிர்காலச் சூரியனும் நேரே படும். கமராவோ இன்டநெற் டிஷ்ஷோ ஓட வேண்டியவர்களுக்கு இந்த வழிதான். ஒன்றும் ஓடத் தேவையில்லை என்றால் கழற்றிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

பற்றரியை வீட்டுக்கே கொண்டுவரலாமா?

12 வோல்ற் பற்றரி என்றால் கட்டாயம் கொண்டு வாருங்கள், நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். பல கையேடுகளில் சேமிக்கும் வெப்பநிலை மைனஸ் 20 வரைதான் என்று இருக்கும். ஹலிபேட்டன் பக்கம் சில இரவுகளில் மைனஸ் 30 தொடும். பேஸ்மென்றில் காய்ந்த மூலையில் வைத்து, ஜனவரியில் ஒரு தரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதும். காரில் கொண்டுவரும்போது முனைகளை மூடி, உருளாமல் கட்டுங்கள். சட்டத்தில் பொருத்தும் 48 வோல்ற் ராக் பற்றரி 45 கிலோ வரை வரும், அதைத் தூக்கச் சொல்ல மாட்டேன். அது அங்கேயே கழற்றி வைக்கப்பட வேண்டியது.

மீற்றரில் 13.2 வோல்ற் காட்டுகிறது. எத்தனை வீதம் இருக்கிறது?

அந்த இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்எஃப்பியின் வோல்ற் கோடு நடுவில் தட்டையானது. 13.1 க்கும் 13.3 க்கும் இடையில் பற்றரியின் பாதி ஒளிந்திருக்கும். நிரம்பும்போது 14 க்கு மேல் ஏறும், முடியப் போகும்போது 12.8 க்குக் கீழே வேகமாக விழும். சரியாக அறிய ஷன்ற் பூட்ட வேண்டும். பற்றரியின் நெகட்டிவ் பக்கத்தில் நின்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் சாமான் அது. மாதத்துக்கு ஒரு தரமாவது பற்றரி முழுதாக நிரம்பினால்தான் ஷன்றின் கணக்கும் நேராக இருக்கும்.

மே மாதம் போனால் பற்றரி பூச்சியம் வோல்ற் காட்டுகிறது. செத்துவிட்டதா?

இப்போதே குப்பைக்குக் கொண்டுபோக வேண்டாம். பூச்சியம் என்றால் பெரும்பாலும் பிஎம்எஸ் கதவைப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். செல்கள் ஒவ்வொன்றும் 2.5 வோல்ற் அளவுக்கு இறங்கியவுடன் அது வெளித் தொடர்பை வெட்டிவிடும். சோலார் கொன்ரோலருக்குத் தான் விழிக்கவே பற்றரியின் வோல்ற் தேவை, அதனால் வெயில் இருந்தும் சார்ஜ் தொடங்காது. இரண்டும் ஒன்றை ஒன்று காத்துக்கொண்டு நிற்கும்.

லித்தியத்தை விழிக்க வைக்கும் வசதி உள்ள சார்ஜர் ஒன்றைக் கொண்டுபோங்கள். அது சிறு வோல்ற் கொடுத்து பிஎம்எஸ்ஸைத் திறக்கும். அதற்கு முன் பற்றரி 5 பாகைக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த பிறகு 5 அம்பியர் மாதிரி மெதுவாக ஏற்றி, பிஎம்எஸ்ஸின் போன் அப்பில் செல் ஒவ்வொன்றின் வோல்ற்றையும் கவனியுங்கள். 12 வோல்ற் பற்றரிக்குள் இருக்கும் நான்கு செல்களும் சேர்ந்து ஏறினால் பிழைத்தது. ஒன்று மட்டும் பின்தங்கி நின்றாலோ, பெட்டி சூடானாலோ, வீங்கியிருந்தாலோ உடனே நிறுத்துங்கள். ஒரு செல் மாதக்கணக்கில் 2 வோல்ற்றுக்கு நன்கு கீழே கிடந்தால் அதற்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செப்பு வேறு இடத்தில் படிந்து உள்ளே ஷோர்ட் ஆகலாம். மனம் வராதுதான், நானும் என் பற்றரியை அன்று அரை நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானதை மாநகரின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

திறக்கும் நாளில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

குளிரில் சுருங்கி வெயிலில் விரிந்து முனைகளின் நட்டுகள் தளரும். ஸ்பானரால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பேன். தளர்ந்த முனைதான் சூடாகி, கருகி, நெருப்புக்கு வழி. வசந்தத்தில் குளிர்ந்த சாமான்களின் மேல் ஈரம் கோர்க்கும், காய்ந்த பிறகுதான் இணைப்பது. இன்வேட்டரை இணைக்கும்போது பெரிய பொறி பறக்கும், உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் ஒரே மூச்சில் நிரம்புவதால் அப்படி. சிறு ரெசிஸ்ரர் ஒன்றால் சில விநாடி தொட்டுப் பிறகு இணைத்தால் பொறி வராது.

பிறகு பற்றரியை ஒரு தரம் முழுதாக ஏற்றி, 14.2 இல் இருந்து 14.4 வோல்ற் வரை சில மணித்தியாலம் நிற்க விடுங்கள். செல்களைச் சமப்படுத்தும் வேலையை பிஎம்எஸ் அந்த உச்சியில் மட்டும்தான் செய்யும், அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்தில். ஏழு மாதம் சும்மா இருந்த செல்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகியிருக்கும்.

ஈய அமிலப் பற்றரிக்கு வாங்கிய பழைய சார்ஜரும் கொன்ரோலரும் இருக்கின்றன. அவற்றையே பாவிக்கலாமா?

கொன்ரோலரில் லித்தியம் அமைப்பு அல்லது நாங்களே இலக்கம் போடும் வசதி இருந்தால் சரி. ஈய அமிலப் பற்றரிக்காக வேண்டுமென்றே வோல்ற்றைக் கூட்டி ஏற்றும் ஈக்குவலைஸ் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈய அமில அமைப்பு குளிருக்கு ஏற்ப வோல்ற்றைக் கூட்டும், ஒரு பாகைக்கு 24 மில்லி வோல்ற் மாதிரி. 25 பாகையில் 14.4 கொடுப்பது 5 பாகையில் 14.9 கொடுக்கும். லித்தியத்துக்கு அது அளவுக்கு மிஞ்சியது, பிஎம்எஸ் நடுவிலேயே வெட்டிவிடும். ஈய அமிலத்துக்கான பழைய சார்ஜர் சல்பேற் நீக்கும் வகை என்றால் அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குளிரில் பனலின் வோல்ற் கூடுமா?

கூடும், அது கொன்ரோலரை எரித்துவிடவும் கூடும். சிலிக்கன் பனலின் திறந்த வோல்ற் (ஒன்றும் இணைக்காதபோது இருப்பது) ஒவ்வொரு பாகை குறையும்போதும் 0.3 வீதம் அளவில் ஏறும். 46 வோல்ற் பனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 25 பாகையில் 92 வோல்ற். மைனஸ் 30 இல் அது 15 வீதத்துக்கும் மேல் கூடி 106 ஐத் தாண்டும். கொன்ரோலரின் எல்லை 100 என்றால் ஒரு தெளிவான ஜனவரிக் காலையில், சூரியன் வந்த முதல் நிமிடத்திலேயே அது போய்விடும். பனலின் பின்பக்க லேபிளையும் கொன்ரோலரின் எல்லையையும் வைத்து இந்தக் கணக்கை வாங்கும் முன் போடுங்கள்.

போன வருஷப் பற்றரியோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கலாமா?

ஒரே கொம்பனி, ஒரே அளவு, வயது ஓரிரு வருஷ வித்தியாசம் என்றால் சேர்க்கலாம். இரண்டையும் தனித்தனியே முழுதாக நிரப்பிய பிறகுதான் சமாந்தரமாக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைக்கும் கணத்தில் ஒன்றில் இருந்து மற்றதற்குப் பெரிய ஓட்டம் பாயும். கேபிள்கள் ஒரே நீளம். பொசிற்றிவ்வை முதல் பற்றரியிலும் நெகட்டிவ்வைக் கடைசிப் பற்றரியிலும் எடுங்கள்.

எங்கே வைப்பது? நெருப்புப் பயம் இருக்கிறது.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவது நல்லது. எல்எஃப்பி மற்ற லித்தியத்தை விடப் பாதுகாப்பானது என்பது உண்மை, எரியவே எரியாது என்பது பொய். எரிந்தால் வரும் வாயு நஞ்சு. படுக்கை அறையிலும், வெளியே போகும் ஒரே வாசலுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தரைக்குக் கீழே ஈரமான இடமும் கூடாது. எங்கள் பற்றரி இருப்பது படுக்கையில் இருந்து தள்ளி, சீமெந்துப் பலகை அடித்த ஒரு மூலையில், மேலே புகை அலாரத்தோடு.

பற்றரியின் பொசிற்றிவ் முனைக்கு மிக அருகில் கிளாஸ் ரி வகை பியூஸ் போடுங்கள். ஷோர்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான அம்பியரைக் கொட்டும், கார் கடையில் விற்கும் மலிவு பியூஸ் அதை வெட்டாமல் தீப்பொறியாகவே நீளும். புகை கண்டால் அணைக்க நிற்காமல் எல்லோரையும் வெளியே எடுத்து 911 ஐ அழையுங்கள். கிராமப் பக்கத்தில் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், வந்து சேர நேரம் எடுக்கும்.

ஹைட்ரோ இணைப்பு இல்லாத இடம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் வீட்டு வயரிங் வேலைக்கு ஈஎஸ்ஏ என்ற மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் அவர்களைக் கேளுங்கள், காப்புறுதிக் கொம்பனிக்கும் சொல்லுங்கள். நெருப்புக்குப் பிறகு காப்புறுதிக்காரர் முதலில் தேடுவது ஈஎஸ்ஏ பத்திரத்தைத்தான்.

பற்றரியின் பலம் குறைந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

வருஷம் ஒரு தரம், ஜூலையில், முழுதாக நிரப்பி சோலாரை அணைத்துவிட்டு, தெரிந்த ஒரு பாரத்தைப் போட்டு பிஎம்எஸ் வெட்டும் வரை விடுங்கள். ஷன்ற் எத்தனை அம்பியர் மணி என்று சொல்லும். திகதியோடு எழுதி வைத்து, அன்றே திரும்ப நிரப்புங்கள். புதிதில் 100 காட்டியது ஐந்தாறு வருஷத்தில் 90 காட்டினால் கவலை வேண்டாம். ஒரே குளிர்காலத்தில் 98 இல் இருந்து 75 க்கு விழுந்தால் யாரோ குளிரில் சார்ஜ் செய்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இங்கிருந்து ஒன்று கொண்டுபோகலாமா?

விமானத்தில் முடியாது. பயணிகளுக்கு 100 வோற் மணி வரைதான், விமானக் கொம்பனியின் அனுமதியோடு 160. எங்கள் பற்றரி ஒன்று 1280. அங்கேயே வாங்குங்கள்.

அங்கே உறைபனிப் பயம் இல்லை, வெக்கைதான் எதிரி. ஓட்டுக் கூரைக்குக் கீழே, மூடிய அறையில், முழுதாக நிரம்பிய நிலையில் வருஷக் கணக்கில் சோலாரோடு இணைந்திருக்கும் பற்றரி வேகமாக முதுமையடையும். வீட்டின் வடக்குப் பக்கத்தில், காற்றோட்டமான தரை மட்டத்தில் வையுங்கள். புறப்படும்போது பாதியில் நிறுத்தி, கேபிளைக் கழற்றி, சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மீற்றரைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அவரே அரை நாள் சோலாரைப் போட்டு ஏற்றிவிட்டுத் திரும்பக் கழற்றட்டும்.